ஒன்றுக்கு ஒன்று இருந்த வெள்ளி ஒன்றுக்கு மூன்று ஆன கதை

மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. தீபாவளிக்கு வந்த சிங்கப்பூர் உறவுக்காரர்கள், "உங்க மூணு வெள்ளி சேர்ந்தாத்தான் எங்க ஒரு வெள்ளி" என்று வழக்கம்போலக் கிண்டல் செய்திருக்கிறார்கள். வெள்ளி என்பது இங்கே காசு: அவர்களுக்கு டாலர், நமக்கு ரிங்கிட். தாத்தா காலத்தில் இரண்டும் ஒரே மதிப்பு என்று வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் மலேசியா எங்கே கோட்டை விட்டது? மறுபடி ஒன்றுக்கு ஒன்று வருமா? வராதென்றால் சேமிப்பைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றி வைத்துவிடலாமா? நான்கு கேள்விகள் இருந்தாலும் அவரை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: காசு இறங்கியது நாடு இறங்கியதற்கு அடையாளமா? வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடங்கள் இந்த இரண்டு நாணயங்களையும் வாங்கி விற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் விவாதத்தில் இருப்பது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தாத்தா சொன்னது முழு உண்மை. ஒரே மதிப்பு என்பதைவிட, ஒரே காசு என்றே சொல்லலாம். மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புரூணை எல்லாவற்றுக்கும் ஒரே நாணய வாரியம் டாலர் அச்சிட்டது. அதன் மதிப்பு பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டிருந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடான பிறகும் பொது நாணயத்தைத் தொடரலாமா என்று இரண்டு அரசுகளும் பேசின. தன் கையிருப்பு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கட்டுப்பாட்டுக்குள் போவதைச் சிங்கப்பூர் ஏற்கவில்லை, பேச்சு முறிந்தது. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புரூணை மூன்றும் தனித்தனி நோட்டுகளை வெளியிட்டன. ஆனாலும் ஒன்றின் நோட்டை இன்னொன்றில் அதே மதிப்புக்கு ஏற்றுக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கோலாலம்பூர் நோட்டைக் கொடுத்துச் சிங்கப்பூரில் பசியாறலாம், மாற்றுக் கடைக்குப் போக வேண்டாம்.

அதே ஆண்டு நவம்பரில் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. புதிய மலேசிய, சிங்கப்பூர் நாணயங்கள் குறையவில்லை. ஆனால் பழைய நாணய வாரிய நோட்டுகள் பவுண்டோடு கட்டப்பட்டவை. அவை இன்னும் ஏராளமாக மக்கள் கையில் இருந்தன, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பழைய டாலர் 85 காசு ஆகிவிட்டது. மாற்றிக்கொள்ளாமல் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஏழைகள், வயதானவர்கள். பினாங்கில் கடையடைப்பு தொடங்கிக் கலவரமாக முடிந்தது, உயிர்கள் போயின. நாணய மதிப்பு என்பது வெறும் கௌரவப் பேச்சு என்று யாராவது சொன்னால் இந்தச் சம்பவத்தைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

1973 மே 8 அன்று மலேசியா இந்த ஒன்றுக்கு ஒன்று ஏற்பாட்டிலிருந்து விலகியது. பொதுவாக இருந்த பங்குச் சந்தையும் அப்போதுதான் இரண்டாகப் பிரிந்தது. டாலரோடும் தங்கத்தோடும் உலக நாணயங்களைக் கட்டி வைத்திருந்த பழைய ஏற்பாடு உடைந்த நேரம் அது. அடுத்த மாதமே இரண்டு நாணயங்களும் மிதக்க விடப்பட்டன, அதாவது விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். சட்டப்படி பிரிந்த பிறகும் சந்தையில் இரண்டும் ஏழெட்டு வருடம் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடந்தன. 1980இல் ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டுமே 2.1, 2.2 என்ற அளவில் இருந்தன. ஆகவே 1973இல் பிரிந்ததால்தான் மதிப்பு போயிற்று என்று சொல்வது சரியல்ல.

எங்கே கோட்டை விட்டோம் என்ற கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு நாணயங்களையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டையும் தனித்தனியாக அமெரிக்க டாலரோடு வைத்துப் பாருங்கள். 1996இல் ஒரு டாலருக்கு ரிங்கிட் 2.52, சிங்கப்பூர் வெள்ளி 1.41. இந்த எண் கூடினால் அந்த நாணயம் இறங்கியது என்று பொருள், குறைந்தால் ஏறியது என்று பொருள். அதாவது 1980க்கும் 1996க்கும் நடுவே ரிங்கிட் இறங்கியது கொஞ்சம்தான், சிங்கப்பூர் வெள்ளி ஏறியது ஏராளம். ஒரு சிங்கப்பூர் வெள்ளி 1.75 ரிங்கிட்டுக்கு மேல் போனதற்குப் பெரும்பங்கு காரணம் சிங்கப்பூரின் ஏற்றம். 1997க்குப் பிறகு கதை தலைகீழ். சிங்கப்பூர் வெள்ளி நடுவில் 1.80 தாண்டி இறங்கியது, 1.20 வரை ஏறியது, கடைசியில் 1997 நடுவில் இருந்த இடத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கிறது. ரிங்கிட்தான் 2.50இலிருந்து 4க்கு மேல் போனது. முதல் பாதி அவர்கள் ஏறிய கதை, இரண்டாம் பாதி நாம் இறங்கிய கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது.

முதலில் அவர்கள் ஏறியது. இது தற்செயலாக நடந்ததல்ல, திட்டமிட்டு நடத்தப்பட்டது. பெரும்பாலான மத்திய வங்கிகள் வட்டியைக் கூட்டிக் குறைத்து விலைவாசியைக் கட்டுப்படுத்தும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டியைச் சந்தையிடம் விட்டுவிட்டு நாணய மதிப்பையே கருவியாகப் பயன்படுத்துகிறது. காரணம் எளிது. அந்த நாட்டின் வெளிநாட்டு வணிகம் அதன் மொத்த உற்பத்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அரிசி, காய்கறி, எரிபொருள் எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. வெள்ளி உயர்ந்தால் இறக்குமதி மலிவாகும், உள்ளூர் விலைவாசி அடங்கும். முக்கிய வணிகக் கூட்டாளிகளின் நாணயங்களை ஒரு கூடையாக எடுத்துக்கொண்டு, அதற்கு எதிரே தன் வெள்ளி ஒரு வரம்புக்குள் நகரும்படி ஆணையம் பார்த்துக்கொள்ளும். அந்த வரம்பைப் பெரும்பாலான காலம் மெல்ல மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருக்கும். கூடையில் எந்த நாணயத்துக்கு எவ்வளவு எடை என்பதை அது வெளியிடுவதில்லை. சாய்வைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதை மட்டும் அறிவிக்கும். முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை, 2024 முதல் நான்கு முறை. அந்த அறிக்கை வரும் காலையில் எங்கள் மேசையில் ஒருவரும் தேநீருக்குக்கூட எழுந்து போக மாட்டார்கள். அறிக்கையில் ஒரு சொல் மாறினாலும் விலை நகர்ந்துவிடும்.

இந்தச் சாய்வு வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். ஆனால் சிறிய எண்கள் நாற்பது வருடத்தில் பெரிதாகிவிடும். 1981 வாக்கில் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது 2024 செப்டம்பரில் ஒன்றுக்கு 3.2 ஆனது என்றால், நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரி மூன்று சதவீதத்துக்கும் குறைவு. கிண்டல் செய்கிறவருக்கு மூன்று மடங்கு என்று கேட்கச் சுவையாக இருக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் அது சாதாரண சேமிப்பு வட்டி அளவு. இதைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன், சேமிப்பைப் பற்றிய கேள்விக்கு இதுதான் அடிப்படை.

அடுத்து நாம் இறங்கியது. மலேசியா வேறு வகை நாடு. எண்ணெய், எரிவாயு, செம்பனை எண்ணெய் விற்கிறது, பினாங்கில் மின்னணுச் சில்லு செய்கிறது, பெரிய உள்நாட்டுச் சந்தையும் விவசாயமும் இருக்கிறது. பேங்க் நெகாரா வட்டியைக் கருவியாக வைத்துக்கொண்டு ரிங்கிட்டை ஓரளவு அதன் போக்கில் விடுகிறது. வெளியிலிருந்து அடி விழும்போது வேலையும் உற்பத்தியும் தாங்காமல் நாணயம் தாங்கட்டும் என்பது இதன் தர்க்கம். அந்த அடிகள் மூன்று முறை பலமாக விழுந்தன.

முதல் அடி 1997. ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை மிதக்க விட்டதும் தொற்று பரவியது. 2.50இல் இருந்த ரிங்கிட் 1998 ஜனவரி தொடக்கத்தில் 4.88 வரை சரிந்தது. சிங்கப்பூர் வெள்ளியும் அப்போது இறங்கியது, ஆனால் 1.80 வாக்கில் நின்றது. சிங்கப்பூரில் ரிங்கிட் வைப்புக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்துப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தை விற்று ரிங்கிட் இன்னும் இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்களுக்குத் தேவை அப்படி இருந்தது. பிரதமர் மகாதீரின் அரசு பன்னாட்டு நாணய நிதியத்திடம் போகவில்லை. 1998 செப்டம்பர் 1 அன்று, பணம் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது, மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவிட்டது. வெளிநாட்டில் இருந்த ரிங்கிட் ஒரு மாதத்துக்குள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் செல்லாது. அந்தக் கட்டு 2005 ஜூலை 21 வரை நீடித்தது. இது நல்ல மருந்தா கெட்ட மருந்தா என்பதில் பொருளாதாரம் படித்தவர்கள் இன்றும் இரண்டு கட்சி. என் கருத்து: அன்றைக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் ரிங்கிட்டை நாட்டுக்கு வெளியே தாராளமாக வாங்கி விற்க முடியாது என்ற நிலை அதோடு நிலைத்துவிட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு நாணயத்தை வாங்கும் முன், வேண்டாமென்றால் சுலபமாக விற்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார். அந்தச் சந்தேகத்துக்கு ரிங்கிட் இன்றும் ஒரு விலை கொடுக்கிறது என்றே நம்புகிறேன். எவ்வளவு என்று அளந்து காட்ட என்னால் முடியாது.

இரண்டாவது அடி 2014 முதல் 2016 தொடக்கம் வரை. கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேலிருந்து 30க்குக் கீழே விழுந்தது. அரசு வருமானத்தில் சுமார் 30 சதவீதம் எண்ணெய் சார்ந்ததாக இருந்த நேரம். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் முறைகேட்டு விவகாரம் அதே நேரத்தில் வெடித்தது. சிங்கப்பூர் வெள்ளி முதன்முறையாக 3 ரிங்கிட்டைத் தொட்டது இந்தக் காலத்தில்தான். மூன்றாவது அடி 2022 முதல். அமெரிக்கா வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய இடத்திலிருந்து 5.5 சதவீதம் வரை ஏற்ற, பேங்க் நெகாரா 3 சதவீதத்தோடு நின்றுகொண்டது. பணம் எங்கே கூலி அதிகமோ அங்கே போகும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80, ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.5க்கு மேல். ஆசிய நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. அப்புறம் அதே ஆண்டு செப்டம்பருக்குள் சிங்கப்பூர் வெள்ளிக்கு எதிராகவே பத்து சதவீதம் அளவு மீண்டது. அந்த ஏழு மாதத்தில் நாடு தலைகீழாகத் திருந்திவிடவில்லை. அமெரிக்க வட்டி இறங்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு பெரிய காரணம். நாணய விலையை நாட்டின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். ஒரு நாணயம் பல பத்தாண்டுகளாக இறங்கினால் வழக்கமாக அந்த நாட்டில் விலைவாசி வேகமாக ஏறியிருக்கும். மலேசியாவில் அப்படி இல்லை. பணவீக்கம் சிங்கப்பூரை ஒட்டியே நடந்திருக்கிறது. அதனால்தான் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் இரண்டு பக்கமும் விலைப்பட்டியலில் ஏறத்தாழ ஒரே எண் தெரிகிறது. சிங்கப்பூர் உணவங்காடியில் வெறும் தோசை இரண்டு சொச்சம் வெள்ளி, ஜொகூர் பாருவில் இரண்டு சொச்சம் ரிங்கிட். எண் ஒன்று, மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. ரிங்கிட் தன் நாட்டுக்குள் வாங்கும் சக்தி, சந்தை அதற்குக் கொடுக்கும் விலையைவிட அதிகம். அதனால்தான் சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் எண் தகடு போட்ட கார்கள் ஜொகூரில் முடிவெட்ட, பல் பார்க்க, மளிகை வாங்க வரிசை கட்டுகின்றன. சிங்கப்பூர் அரசு, வெளியே போகும் உள்ளூர் காரின் டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. மலேசியா, மானிய விலை ரோன்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கக் கூடாது என்று 2010 முதல் தடுத்திருக்கிறது. தண்ணீர் விஷயத்திலும் பழைய நாணயத்தின் நிழல் இருக்கிறது. ஜொகூர் ஆற்றிலிருந்து எடுக்கும் ஆயிரம் கேலன் தண்ணீருக்கு 3 சென் என்று 1962 ஒப்பந்தம் சொல்கிறது. அன்று இரண்டு பக்கமும் ஒரே காசு. ஒப்பந்தம் 2061 வரை ஓடுகிறது, 3 சென் இன்றும் 3 மலேசிய சென்தான்.

ஆனால் கிண்டல் உறுத்துவதற்குக் காரணம் தோசை அல்ல, சம்பளம். விடியும் முன்பே உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் புகையோடு நகர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கும் பாலம் அது. மழைச் சட்டையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலைக்குப் போகிற மலேசியர்கள். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. சிங்கப்பூரில் 2,000 வெள்ளி வாங்கினால் அது ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். அந்த இளைஞருக்குத் திறமை பாலத்தின் நடுவில் கூடிவிடவில்லை. கூடியது அங்கே இருக்கும் நிறுவனங்கள் ஒரு மணி நேர உழைப்பிலிருந்து எடுக்கும் மதிப்பு. நாணயம் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைக் காட்டுகிறது, முழுவதையும் உண்டாக்கவில்லை. நாளைக்கே ரிங்கிட் இரண்டு மடங்காக ஏறினால் ஈப்போவில் யாருக்கும் சம்பளம் இரண்டு மடங்கு ஆகாது. சிங்கப்பூரில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவரின் குடும்ப வருமானம்தான் பாதியாகும்.

இனிச் சந்தேகமானவை. சிங்கப்பூரின் கொள்கை எத்தனை பங்கு, உற்பத்தித் திறன் எத்தனை பங்கு, மலேசிய அரசியலும் கடனும் எத்தனை பங்கு என்று யாராவது சதவீதம் போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள். எல்லாம் பின்னிக்கிடக்கின்றன. மலிவான ரிங்கிட் ஏற்றுமதிக்கு நல்லது என்பதும் பாதி உண்மை. மின்னணுத் தொழிற்சாலை தன் மூலப்பொருளையும் இயந்திரத்தையும் டாலரில் வாங்குகிறது, லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். செம்பனை விற்பவருக்கு நன்மை தெளிவாகத் தெரியும். மலிவான நாணயத்தில் நெடுங்காலம் சௌகரியமாக இருந்த தொழில்கள் திறனைக் கூட்டச் சோம்பிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அது நிரூபிக்கப்பட்ட விஷயமல்ல.

ஒன்றுக்கு ஒன்று மறுபடி வருமா? என் வாழ்நாளிலும் உங்கள் வாழ்நாளிலும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு ரிங்கிட் மூன்று மடங்கு ஏற வேண்டும், ஏறினால் ஏற்றுமதித் தொழில்கள் மூடிவிடும். ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணுக்குத் தனிப் பெருமையும் கிடையாது. ஒரு டாலருக்கு நூற்றுக்கு மேல் யென் கொடுக்கும் ஜப்பானை யாரும் ஏழை நாடு என்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று எப்படி நிலைக்கும் என்று பார்க்க வேண்டுமானால் புரூணையைப் பாருங்கள். 1967 ஒப்பந்தத்தில் அது இன்னும் இருக்கிறது. புரூணை நோட்டைச் சிங்கப்பூரில் அதே மதிப்புக்கு வாங்கிக்கொள்வார்கள், 2017இல் பொன்விழாவுக்கு இரண்டு நாடும் 50 வெள்ளி நினைவு நோட்டு வெளியிட்டன. ஐந்து லட்சத்துக்கும் குறைவான மக்கள், கையில் எண்ணெய்ப் பணம், அதனால் சிங்கப்பூரின் கொள்கையை அப்படியே ஏற்றுக்கொண்டு போக முடிகிறது. மூன்று கோடிக்கு மேல் மக்களும் தோட்டமும் தொழிற்சாலையும் உள்ள மலேசியா 1997இலும் 2015இலும் சிங்கப்பூரோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், விலை குறைந்திருக்க வேண்டியது நாணயத்தில் குறையாமல் வேலைகளில் குறைந்திருக்கும். 1973இல் விலகியதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாகச் சேமிப்பு. உங்கள் வருமானம், கடன், வயது எதுவும் எனக்குத் தெரியாது, ஆகவே இதைப் பொதுக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வெள்ளி நெடுங்காலச் சராசரியில் ரிங்கிட்டுக்கு எதிராக ஆண்டுக்கு மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஏறும் நாணயத்துக்கு வட்டி குறைவாகவே கிடைக்கும். சிங்கப்பூர் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்கு 2.5 சதவீதம். மலேசிய ஊழியர் சேமநிதியோ 2009 முதல் 2024 வரை ஒவ்வொரு ஆண்டும் 5க்கும் 7க்கும் நடுவில் லாப ஈவு கொடுத்திருக்கிறது, 2024க்கு 6.3. இரண்டரையோடு மூன்றைக் கூட்டிப் பாருங்கள், ரிங்கிட்டிலேயே சேமநிதியில் விட்டு வைத்தவர் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. இழந்தவர் ரிங்கிட்டைக் குறைந்த வட்டிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு மறந்தவர். பிள்ளையைச் சிங்கப்பூரில் படிக்க வைக்கப் போகிறீர்கள், அங்கே வீட்டு வாடகை கட்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவுக்கு வேண்டியதை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வையுங்கள், ஒரே நாளில் மொத்தமாக மாற்றாதீர்கள். செலவெல்லாம் ஈப்போவில்தான் என்றால் உறவுக்காரர் கிண்டலுக்காக மாற்ற வேண்டாம். மாற்றும்போது பலகையில் உள்ள வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பாருங்கள். வங்கியைவிட நாணய மாற்றுக் கடையில் இந்த இடைவெளி பல நேரம் குறைவாக இருக்கும், அடுத்தடுத்து நான்கு கடை உள்ள இடத்தில் இன்னும் குறையும்.